உங்கள் பேரரசில் ஒரு செய்தி எத்தனை நாளில் போய்ச் சேரும்?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "கற்பனை நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் வெண்கோட்டுப் பேரரசு மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல்வரை 3,000 கி.மீ. அகலம். தலைநகர் பனிமுடி மேற்குக் கடலிலிருந்து 1,000 கி.மீ. உள்ளே, 4,000 மீட்டர் உயர மலைமேட்டில் இருக்கிறது. அங்கே தோன்றும் பேராறு இரண்டாகப் பிரிந்து இரு கடல்களிலும் கலக்கிறது. பத்து லட்சம் வீரர்கள், ஆகாயக் கப்பல்கள், எல்லாவற்றையும் நேரடியாக ஆளும் ஒரே சக்கரவர்த்தி, ஆயிரம் ஆண்டுகளாக மாறாத ஆட்சி. சோழர்களை மனத்தில் வைத்துத்தான் தொடங்கினேன். நம்பும்படி இருக்கிறதா? நிலவியல், ஆட்சி, தொழில்நுட்பம் மூன்றையும் தனித்தனியாக எப்படிச் செழுமைப்படுத்துவது?"

'தனித்தனியாக' என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. இம்மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள். தலைநகரில் எடுத்த முடிவு எல்லைக்குப் போய்ச் சேர எத்தனை நாள், அதைச் செய்து முடிக்க ஆளும் அரிசியும் போய்ச் சேர எத்தனை நாள் என்பதே அந்தக் கேள்வி. நாட்களைக் கூட்டுவது நிலம். குறைப்பது தொழில்நுட்பம். குறைக்க முடியாமல் மீதமிருக்கும் நாட்களைச் சமாளிக்கும் கலைக்குத்தான் ஆட்சி என்று பெயர். ஆகவே உங்கள் வரைபடத்தில் கிலோமீட்டர்களை அழித்துவிட்டு நாட்களை எழுதுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி கதையாகிவிடும்.

செய்து பார்ப்போம். கிழக்குத் துறைமுகம் பனிமுடியிலிருந்து 2,000 கி.மீ. அங்குள்ள ஆளுநர் கலகக்கொடி தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றி ஓடும் அஞ்சல் ஓட்டக்காரர்கள் நல்ல சாலையில் ஒரு நாளைக்கு 240 கி.மீ.வரை செய்தியைக் கடத்தியிருக்கிறார்கள். எப்படி என்று பிறகு சொல்கிறேன். அந்த வேகத்தில் சேதி எட்டொன்பது நாளில் சக்கரவர்த்தியின் காதுக்கு வந்துவிடும். ஆனால் படை அப்படி ஓடாது. மூட்டை முடிச்சோடு நடக்கும் படைக்கு நாளுக்கு 20 கி.மீ. என்பதே நல்ல வேகம். 2,000 கி.மீ.க்கு நூறு நாள். படை திரட்ட ஒரு மாதம். ஆக, கலகம் செய்த நாளிலிருந்து தண்டனை வந்து சேர நாலரை மாதம். அதற்குள் அந்த ஆளுநர் குறுவை விதைத்து, அறுத்து, களஞ்சியத்தில் கொட்டிவிட்டுக் கோட்டைக் கதவைச் சாத்தியிருப்பார். அவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். உங்கள் நாவலில் அவருக்குத் தெரியாததுபோல நடந்துகொள்கிறார், குறை அதுதான்.

இது கற்பனைக் கணக்கு மட்டும் அல்ல. 1529இல் உதுமானியச் சுல்தான் சுலைமான் மே மாதம் இஸ்தான்புல்லிலிருந்து கிளம்பினார். வியன்னா மதிலுக்கு முன்னால் அவருடைய படை நின்றபோது செப்டம்பர் முடிந்துகொண்டிருந்தது. வழியில் விடாத மழை. கனத்த பீரங்கிகள் சேற்றில் சிக்கிப் பின்தங்கிவிட்டன. அக்டோபர் நடுவில், குளிர் இறங்குவதற்குள் திரும்பிவிட வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த படைகளில் ஒன்று அது. வியன்னாவைக் காப்பாற்றியதில் அதன் மதிலுக்குப் பங்கு உண்டு, நாட்காட்டிக்கும் உண்டு.

நிலவியலில் இரண்டு திருத்தங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். முதலாவது ஆறு. முக்கொம்பில் காவிரி பிரிந்து கொள்ளிடம் தனியே போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆறு என்றால் பிரியும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அது கடலை நெருங்கும் சமவெளியில், டெல்டாவின் தலைவாசலில் நடப்பது. மலையில் ஆறுகள் சேருமே தவிரப் பிரிவது மிக அரிது. தென் அமெரிக்காவில் காசிகியாரே என்று ஓர் ஆறு ஒரினோகோவிலிருந்து பிரிந்து அமேசான் பக்கம் போகிறது. உலக அதிசயம் என்று சொல்லத்தக்க விதிவிலக்கு. அதுவும்கூடக் கடைசியில் அதே அட்லாண்டிக் கடலில்தான் சேருகிறது. உங்கள் பேராறு மலைமுதுகின் இரு பக்கமும் இறங்க வேண்டுமானால் இரண்டு ஆறுகளாக்கிவிடுங்கள். ஒரே பனிமலையில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்து எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு ஆறுகள் கவிதைக்கும் உதவும்.

இரண்டாவது மழை. இவ்வளவு உயரமான மலைத்தொடர் இருந்தால் ஒரு பக்கம் மழையை வாங்கிக்கொள்ளும், மறுபக்கம் காயும். ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே அமேசான் காடு. மேற்கே, கடலை ஒட்டியே, உலகின் மிக வறண்ட இடங்களில் ஒன்றான அட்டகாமா பாலை. நீங்கள் இரு பக்கமும் பசுமையாக வரைந்திருக்கிறீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். எந்த மாகாணம் பணக்கார மாகாணம், எது மலையடி ஓடைத் தண்ணீரை நம்பி வாழும் மாகாணம் என்பது தானாக முடிவாகிவிடும்.

இப்போது பனிமுடிக்கு வருவோம். மூன்றாம் அத்தியாயத்தில் அரண்மனை விருந்தில் வாழை இலை போட்டுச் சோறு பரிமாறுகிறீர்கள். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். சோறு எளிதில் வேகாது, வெந்தாலும் நடுவில் அரிசியாகவே நிற்கும். நெல்லும் அங்கே விளையாது. வாழை அதைவிட விளையாது. கீழேயிருந்து தூக்கிவரலாம்தான். ஆனால் தூக்கிவருவது என்றால் என்ன என்று பாருங்கள்.

ஓர் ஆள் 30 கிலோ சுமக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு கிலோ தின்கிறான். பத்து நாள் ஏறிப் போய், பத்து நாள் இறங்கித் திரும்பினால் வழியிலேயே 20 கிலோ அவன் வயிற்றுக்கு. அரண்மனைக்குக் கிடைப்பது 10 கிலோ. பதினைந்து நாள் வழி என்றால் ஒன்றுமே மிஞ்சாது. நாளுக்கு 20 கி.மீ. என்று வைத்தால், 300 கி.மீ.க்கு அப்பாலிருந்து ஆள் சுமந்து ஒரு பிடி தானியம்கூட வராது. மாட்டுவண்டி சற்று நீளப் போகும், மாடும் தின்னும். கடலும் ஆறும் மட்டும் இந்தக் கணக்கை உடைக்கின்றன. நூறு டன் ஏற்றிய கப்பலுக்கு இருபது மாலுமிகள் போதும். காற்று சம்பளம் கேட்பதில்லை. அதனால்தான் ரோம் நகரம் ஏறக்குறைய 2,000 கி.மீ. தள்ளியிருந்த எகிப்திலிருந்து கடல் வழியே கோதுமை வரவழைத்துச் சாப்பிட முடிந்தது. உங்கள் கிழக்குத் துறைமுகத்துக்கும் இதே நியாயம்தான். கப்பலில் இருபது நாளில் எட்டும் அயல்நாடு அதற்குப் பக்கம். நூறு நாள் நடக்க வேண்டிய பனிமுடி தூரம். அந்த ஊர்க்காரர்களின் பேச்சு, உடை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு எல்லாம் கடலைப் பார்த்தே இருக்கும்.

அப்படியானால் மலைமேல் பேரரசே முடியாதா? முடியும். நடந்திருக்கிறது. நீங்கள் சோழரை மனத்தில் வைத்து எழுதினீர்கள்; ஆனால் சோழர் ஆற்றுச் சமவெளிக்காரர்கள், கடலோடிகள். உங்கள் வரைபடம் கேட்பது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஆண்ட இன்காக்களை. தங்கள் நாட்டை அவர்கள் தவன்தின்சுயு என்றார்கள். நான்கு பகுதிகள் சேர்ந்தது என்று பொருள். இன்றைய கொலம்பியாவின் தெற்கிலிருந்து சிலியின் நடுப்பகுதிவரை, வடக்கு தெற்காக ஏறக்குறைய 4,000 கி.மீ. தலைநகர் குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில். மக்கள்தொகை ஒரு கோடி என்பது பரவலான மதிப்பீடு. குதிரை கிடையாது. இரும்பு கிடையாது. வண்டிச் சக்கரம் கிடையாது. நாணயம் கிடையாது. நாம் எழுத்து என்று சொல்லும் எழுத்தும் கிடையாது. கற்பனை நாவலில் இப்படி எழுதினால் பதிப்பாளர் நம்ப மாட்டார்.

சக்கரம் இல்லாததை அறியாமை என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சாலைகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். செங்குத்துச் சரிவில் சாலை படிக்கட்டாக ஏறும். திருப்பதி மலைப் படியில் மாட்டுவண்டி ஓட்டிப் பாருங்கள்! அங்கே உதவுவது மனிதக் காலும், லாமா என்ற மலைச் சுமைவிலங்கின் பாதமும்தான். லாமா 25, 30 கிலோவுக்கு மேல் தூக்காது. கூடப் போட்டால் படுத்துக்கொள்ளும். ஆனால் வழியிலுள்ள புல்லைத் தின்றுகொண்டே போகும். அதற்கென்று தனித் தீனி மூட்டை வேண்டாம். மேலே போட்ட கணக்கில் அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது இப்போது புரியும்.

அடுத்தது உணவு. அங்கேதான் எனக்கு மிகப் பிடித்த தொழில்நுட்பம் இருக்கிறது: உருளைக்கிழங்கு வற்றல். சூன்யோ என்பார்கள். உறைபனி விழும் மாதத்தில், மலைமேட்டுப் புல்வெளியில் சிறு கிழங்குகளைப் பரப்பிவிடுவார்கள். இரவில் கிழங்கு கல்லாக உறையும். பகல் வெயிலில் உருகிப் பஞ்சுபோல ஆகும். அப்போது குடும்பத்தோடு வெறுங்காலால் மிதிப்பார்கள். தோல் வழுகி, கசப்பும் தண்ணீரும் சேர்ந்து வெளியே பீறிடும். மறுபடி இரவு, மறுபடி வெயில், மறுபடி மிதி. சில நாட்களில் கறுத்துச் சுருங்கி, கூழாங்கல் போலக் கையில் கலகலக்கும். நம் மொட்டைமாடி வடகத்துக்கு அக்கா முறை. எடை பெருமளவு குறைந்துவிடும். பல ஆண்டுகள் கெடாது. எந்தக் குளிர் அந்த நிலத்தின் சாபமோ, அந்தக் குளிரையே பதப்படுத்தும் இயந்திரமாக்கிக்கொண்டார்கள். உங்கள் பேரரசின் தொழில்நுட்பம் என்ன என்று என்னைக் கேட்டால், ஆகாயக் கப்பலை விட்டுவிட்டு இந்த மாதிரி ஒன்றைத் தேடுங்கள் என்பேன்.

இந்த வற்றலும் மக்காச்சோளமும் துணியும் ஆயுதமும் நிறைந்த களஞ்சியங்கள், கொல்கா என்று பெயர், சாலையோர மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக நின்றன. இன்றைய பொலிவியாவில் கோச்சபம்பா பக்கத்தில் ஒரே இடத்தில் 2,000க்கு மேற்பட்ட களஞ்சியங்களின் அடித்தளங்களை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். தானியத்தைப் படையின் பின்னால் இழுத்துக்கொண்டு போவதற்குப் பதிலாக, தானியம் முன்கூட்டியே போய்க் காத்திருக்கும். படை ஒரு களஞ்சியத்திலிருந்து அடுத்த களஞ்சியத்துக்கு வெறுங்கையோடு நடக்கும். 300 கி.மீ. என்ற சுவரை அவர்கள் தாண்டிய விதம் அது.

சாலைகள் எல்லாம் சேர்ந்து 30,000 கி.மீ. இருக்கலாம் என்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஆறு நாடுகள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. சில கிலோமீட்டருக்கு ஒரு குடிசை. அதில் சாஸ்கி எனப்படும் ஓட்டக்காரர்கள் காத்திருப்பார்கள். தூரத்திலிருந்தே சங்கு ஊதிக்கொண்டு ஒருவன் ஓடிவருவான். இங்கிருப்பவன் எழுந்து அவனோடு சேர்ந்து ஓடிக்கொண்டே வாய்ச்செய்தியை மனப்பாடமாக வாங்கிக்கொள்வான். கணக்கைப் பதிந்த முடிச்சுக் கயிற்றையும் வாங்கிக்கொண்டு தனியே பறப்பான். மேலே சொன்ன 240 கி.மீ. இப்படிக் கிடைத்ததுதான். பாரசீகர்களின் அரச சாலை குதிரையை வைத்துச் செய்ததை இவர்கள் காலை வைத்துச் செய்தார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் கணக்கில் அந்தச் சாலையில், இன்றைய துருக்கியிலுள்ள சார்டிஸிலிருந்து இன்றைய ஈரானிலுள்ள சூசாவுக்கு 111 தங்குமிடங்கள். நடப்பவருக்கு 90 நாள்.

பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் புல்லால் பாலம். கதைக்காகச் சொல்லவில்லை. பெருவில் அப்புரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாக்கா என்ற பாலத்தை இன்றும் ஆண்டுக்கு ஒரு முறை நான்கு ஊர்க்காரர்கள் கூடிப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் காய்ந்த மலைப்புல்லை முறுக்கித் திரித்த மெல்லிய கயிற்றைக் கொண்டுவர வேண்டும். அதைப் பல புரியாகச் சேர்த்து, ஆள் தொடை கனத்துக்கு வடமாக்கி, நம்மூர்த் தேர்வடம் இழுப்பதுபோல இரு கரையிலும் நின்று இழுத்துக் கட்டுகிறார்கள். பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். மூன்று நான்கு நாளில் வேலை முடியும்.

இந்தப் பாலத்தை நன்றாகப் பாருங்கள். ஆட்சி அதற்குள் இருக்கிறது. பேரரசர் பொறியாளரை அனுப்பிக் கட்டிய பாலம் அல்ல. அந்தந்த ஊரின் கடமை. நாணயம் இல்லாததால் வரி என்பதே உழைப்புதான். மீத்தா என்றார்கள், முறை என்று பொருள். உன் வீட்டு முறை வந்தால் சாலையோ, படையோ, நெசவோ, போய்ச் செய்துவிட்டு வர வேண்டும். முறை செய்யும் நாட்களில் அரசின் சாப்பாடு, மக்காச்சோள மது. உங்கள் நாவலில் பொற்காசு பக்கத்துக்குப் பக்கம் கிணுகிணுக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காசு இல்லாத பேரரசில் ஊழல் எப்படி நடக்கும், லஞ்சம் எந்த உருவில் கைமாறும் என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள். துணி என்று எனக்குத் தோன்றுகிறது. இன்காக்களிடம் மெல்லிய நெசவுக்குத் தங்கத்துக்கு நிகரான மதிப்பு இருந்தது.

முறை யாருக்கு, எத்தனை பேர் என்ற கணக்கைக் கயிற்றில் முடிந்தார்கள். கிப்பு என்று பெயர். ஒரு தாய்க் கயிறு, அதிலிருந்து தொங்கும் பல கிளைக் கயிறுகள். முடிச்சு இருக்கும் உயரம் ஒன்றா, பத்தா, நூறா என்பதைச் சொல்லும். அந்த இடத்திலுள்ள முடிச்சுகளின் எண்ணிக்கை, ஒன்றின் இடத்தில் மட்டும் முடிச்சின் சுற்று, எத்தனை என்பதைச் சொல்லும். எந்த இடத்தில் முடிச்சே இல்லையோ அங்கே சுழியம். மக்களையும் அதே பத்தின் மடங்கில் பிரித்திருந்தார்கள்: பத்து வீட்டுக்கு ஒருவர், நூற்றுக்கு ஒருவர், ஆயிரத்துக்கு, பத்தாயிரத்துக்கு. கணக்கும் அதிகாரமும் ஒரே அச்சில் வார்த்தவை. இந்தக் கயிற்றின் ஆயுளுக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். ஸ்பானியர்கள் வந்தபோது வாங்கா என்ற மக்கள் அவர்களுக்குத் துணை நின்று, களஞ்சியத்திலிருந்து மக்காச்சோளம், லாமா, துணி என்று அள்ளிக் கொடுத்தார்கள். பேரரசு விழுந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அவர்களுடைய தலைவர்கள் லிமா நீதிமன்றத்தில் வந்து நின்று, கயிறுகளைக் கையில் பிடித்து, எந்த ஆண்டு யாருக்கு என்ன கொடுத்தோம் என்று உருப்படி உருப்படியாக வாசித்தார்கள். நீதிமன்றம் அதைப் பதிவும் செய்துகொண்டது. பேரரசர் போய்விட்டார், கணக்குப்பிள்ளை இருந்தார்.

உங்கள் 'நேரடியாக ஆளும் ஒரே சக்கரவர்த்தி'க்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் இதில் இருக்கிறது. நூறு நாள் தூரத்தில் இருப்பவனை யாரும் நேரடியாக ஆள முடியாது. ஆள்வது ஊர்தான், சக்கரவர்த்தி ஊர்களோடு ஓர் உடன்பாட்டில் இருக்கிறார். சோழரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதும் கோபுரத்தையும் புலிக்கொடியையும்விட இதைத்தான். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். ஊரை முப்பது குடும்பாக, அதாவது வட்டமாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொல்லி உறுப்பினரைத் தேர்ந்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. மச்சான் செய்த கணக்குக் குளறுபடியால் பதவி போகும் ஊர்! அப்படி ஓர் ஊரை வெண்கோட்டில் வையுங்கள். சக்கரவர்த்தி வரும் காட்சிகளைவிட அங்கே நடக்கும் ஒரு தேர்வுக் காட்சி பேரரசை நன்றாகக் காட்டும். பிராமணர் ஊர், நிலம் உள்ளவர்களுக்கு மட்டுமான உரிமை என்பதையும் மறக்காதீர்கள். குடத்தில் பெயர் விழாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது கல்வெட்டில் இல்லை, நாவலில் வரலாம்.

பத்து லட்சம் வீரர் பற்றி ஒரே ஒரு பெருக்கல். நாளுக்கு 10 லட்சம் கிலோ, அதாவது 1,000 டன் உணவு. லாமாவின் முதுகில் ஏற்றினால் 40,000 லாமா. ஒரு நாளைக்கு. ஆகஸ்டஸ் காலத்து ரோமின் முழுப் படையே 3 லட்சத்துக்கு அருகில்தான். அதுவும் எல்லையெங்கும் சிதறி, ஆற்றங்கரைகளில் உட்கார்ந்திருந்தது. ஒரு சுழியத்தை எடுத்துவிடுங்கள். ஒரு லட்சம் பேர் ஒரே களத்தில் நின்றாலே வரலாறு நூற்றாண்டுக் கணக்கில் பேசும்.

ஆயிரம் ஆண்டு மாறாத ஆட்சி என்பதில்தான் நீங்கள் மிகவும் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இவ்வளவு நேரம் நான் வியந்து சொன்ன இன்காப் பேரரசு ஏறக்குறைய நூறு ஆண்டுதான் வாழ்ந்தது. பேரரசுகளை முறிக்கும் இடம் பெரும்பாலும் வாரிசு. உதுமானியர் ஒரு காலத்தில் எடுத்த வழி கொடூரமானது: 1595இல் மூன்றாம் மெஹ்மது அரியணை ஏறியபோது 19 சகோதரர்களைக் கொன்றார். இன்காக்களின் வழி வேறு மாதிரி விசித்திரம். இறந்த அரசர் இறந்ததாகவே கணக்கில்லை. உடலைப் பதப்படுத்தி வைத்தார்கள்; அவருடைய நிலமும் அரண்மனையும் வேலையாட்களும் அவர் பெயரிலேயே இருந்தன; பனாக்கா எனப்படும் அவருடைய வம்சத்தார் அதை நிர்வகித்தார்கள். விழா நாளில் பழைய அரசர்களின் உடல்கள் வரிசையாகச் சதுக்கத்தில் வந்து உட்காரும். அவர்களுக்கு உணவும் மதுவும் படைக்கப்படும். புதிய அரசருக்குக் கிடைப்பது பட்டம், சொத்து கிடையாது. ஆகவே அவர் புதிய நிலத்தை வென்றாக வேண்டும். நல்ல நிலமெல்லாம் செத்தவர்கள் கையில். இந்தப் பேரரசு ஏன் நிற்காமல் விரிந்துகொண்டே போனது என்பதற்கு ஆய்வாளர்கள் சிலர் சொல்லும் காரணம் இது. உங்கள் மந்திரவாதிகள் அத்தனை பேரையும் கூட்டினாலும் இதற்கு ஈடான ஒரு கற்பனை வருமா என்று எனக்குச் சந்தேகம். கடைசியில் ஹுவாஸ்கர், அட்டாஹுவால்பா என்ற இரு சகோதரர்கள் மோதி, போர் முடிந்த ஈரம் காய்வதற்குள், 1532 நவம்பரில் ஸ்பானியத் தளபதி பிசாரோ 168 பேரோடு கஹமார்க்காவில் வந்து நின்றார். பிற்பாடு உள்ளூர்ப் பகையாளிகள் பலர் ஸ்பானியர் பக்கம் சேர்ந்ததையும், முன்பே பரவிய கொள்ளைநோயையும் சேர்த்தால்தான் மீதிக் கதை விளங்கும்.

ஆகாயக் கப்பல். இதை நான் அழிக்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இடம் மாற்றச் சொல்கிறேன், அவ்வளவுதான். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறக்குறைய 1.1 கிலோவைத் தூக்கும். பனிமுடியின் உயரத்தில் காற்றே மூன்றில் இரண்டு பங்குதான். தூக்கும் திறனும் முக்கால் கிலோவுக்குக் கீழே வந்துவிடும். ஐம்பது வீரர், ஆயுதம், உணவு என்று 5 டன் தூக்க, உறை எடையும் இயந்திர எடையும் சேர்க்காமலே 7,000 கன மீட்டர் வேண்டும். வாயு எங்கிருந்து வரும்? 1783இல் பாரிஸில் ஷார்ல் தன் முதல் பலூனுக்கு இரும்புத் துண்டுகள்மேல் கந்தக அமிலம் ஊற்றித்தான் ஹைட்ரஜன் எடுத்தார். வெறும் 35 கன மீட்டருக்கு அரை டன் இரும்பு செலவானது. 1852இல் கிஃபார் நீராவி எந்திரம் வைத்து 27 கி.மீ. பறந்தார், எதிர்க்காற்றில் திரும்பி வர முடியவில்லை. ஆகவே ஆகாயக் கப்பல் உங்கள் கிழக்குக் கடற்கரைச் சமவெளிக்கு உரியது: காற்று அடர்த்தி, இரும்பு உண்டு, காட்டில் கரி உண்டு. தலைநகருக்கு மட்டும் அது ஏறி வர முடியாது. பேரரசின் மிகப் பெரிய ஆயுதம் பேரரசர் கண்ணில் படாத இடத்தில், சந்தேகத்துக்குரிய ஆளுநரின் கையில் இருக்கிறது. இதைவிட நல்ல சிக்கலை நான் எங்கே போய்த் தேடித் தருவது?

பனிமுடிக்கு வேறொன்று தரலாம். 1794இல் பிரான்ஸில் க்ளோத் ஷாப் பாரிஸிலிருந்து லீல் நகரம்வரை ஏறக்குறைய 230 கி.மீ.க்குக் கோபுரத் தொடர் நிறுவினார். ஒவ்வொரு கோபுர உச்சியிலும் மரக்கைகள். அவற்றின் கோணம்தான் எழுத்து. அடுத்த கோபுரத்தில் ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து அப்படியே திருப்பிக் காட்டுவார். குதிரைக்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும் சேதி நிமிடக் கணக்கில் போனது. மரம், கயிறு, கண்ணாடி வில்லை போதும், மந்திரம் வேண்டாம். மலைமுகடுகள் நிறைந்த உங்கள் நாட்டுக்குப் பொருத்தமான தொழில்நுட்பம் அதுதான். 2,000 கி.மீ. ஒரே பகலில் கடக்கும். ஆனால் மேகம் இறங்கினால் போச்சு. மழைக்காலம் மூன்று மாதம் பேரரசு செவிடாகும். அப்போது பழையபடி ஓட்டக்காரன்தான், புல்பாலம்தான். கோபுரம் வந்ததும் வேலையிழந்த ஓட்டக்காரக் குடும்பங்கள் மழைக்காலத்தில் மட்டும் கூலியை உயர்த்திக் கேட்பார்கள், கேட்க வேண்டும்.

நாவலை எந்த இடத்தில் தொடங்குவது என்றும் கேள்வியின் வாலில் கேட்டிருந்தீர்கள். இப்போது போர்க்களத்தில் தொடங்குகிறது. நானாக இருந்தால் மழைக்காலத்தில் சக்கரவர்த்தி இறந்த இரவில் தொடங்குவேன். கோபுரங்கள் மேகத்துக்குள். ஓட்டக்காரன் கிளம்பிவிட்டான்; கிழக்கே போய்ச் சேர ஒன்பது நாள். ஆறாம் நாள் ஒரு பள்ளத்தாக்கு ஊரில் பாலம் கட்டும் முறை தவறிப்போயிருக்கிறது. யார் வீட்டுக் கயிறு வரவில்லை என்று ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய பாலத்தை அறுத்தாகிவிட்டது. கிழக்கில் இறந்த சக்கரவர்த்தியின் பெயரால் இன்னும் தீர்ப்புகள் எழுதப்படுகின்றன, ஒருவர் கழுவேறக் காத்திருக்கிறார். ஓட்டக்காரன் இக்கரையில் உட்கார்ந்து, சேதி மறந்துவிடாமல் இருக்க அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.